'ஷார்ட்டேஜ்'... ஆஃப் போடணுமா, ஃபார் போடணுமா?

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கிறதா? அப்போது ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் பட்ட சொல், 'ஷார்ட்டேஜ்'.

சொல் தெரியும். வாக்கியத்தில் வைக்கும்போதுதான் சறுக்கும். 'தண்ணீருக்குத் தட்டுப்பாடு' என்று பேசிப் பழகிய நாம், அந்த 'க்கு'வை அப்படியே தூக்கிப்போய் 'ஷார்ட்டேஜ் ஃபார் வாட்டர்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் வருவது 'ஆஃப்'. மனு எழுதும்போது, 'தேர் இஸ் எ ஷார்ட்டேஜ் ஆஃப் வாட்டர் இன் அவர் ஸ்ட்ரீட்' என்று எழுதுங்கள். நடுவிலுள்ள அந்தக் குட்டி 'எ' முக்கியம். 'ஆஃப்' குழப்பமாக இருந்தால், 'வாட்டர் ஷார்ட்டேஜ்' என்று பொருளை முன்னால் வைத்துவிடலாம்.

கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் கவனியுங்கள். பரீட்சை எழுத அனுமதி கேட்கும் கடிதத்தில் 'ஐ ஆம் ஷார்ட்டேஜ்' என்று எழுதினால், 'நானே ஒரு பற்றாக்குறை' என்றாகிவிடும்! 'ஐ ஆம் ஷார்ட் ஆஃப் அட்டெண்டன்ஸ்' என்பதே சரி.

முன்னால் 'நோ' சேர்ந்தால், தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம். கிண்டலுக்கும் உதவும். 'தேர் இஸ் நோ ஷார்ட்டேஜ் ஆஃப் அட்வைஸ்' என்றால், நம்மூர் பாஷையில், 'அட்வைஸுக்கா பஞ்சம்?'