லேத் இல்லாமல் ஒரு முதல் இன்ஜின்

சின்ன வயசில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில், ரங்கா ரங்கா கோபுரத்துக்கு வெளியே தாத்தா எனக்கு ஒரு தகரப் படகு வாங்கித் தந்தார். குழாயில் தண்ணீர் நிரப்பி, பேசினில் மிதக்கவிட்டு, உள்ளே திரியை ஏற்றினால் 'டப டப'ன்னு ஓடும். தகரப் பெட்டிக்குள் தண்ணீர் ஆவியாகி, குழாயில் இருக்கும் தண்ணீரைப் பின்னால் பீய்ச்சும். ஆவி குளிர்ந்து சுருங்கியதும் தண்ணீர் திரும்ப உள்ளே வரும். வெளியே போவது ஒரே திசையில். உள்ளே வருவது எல்லாப் பக்கமிருந்தும். அந்த வித்தியாசம்தான் படகைத் தள்ளுகிறது. அசையும் உறுப்பு எதுவுமே இல்லாத நீராவி இன்ஜின் அது.

நம்ம ஊருக்கு நீராவி புதுசு இல்லை. திருவெறும்பூரில் பி.எச்.இ.எல். பாய்லர் செய்கிறது. பொன்மலைப் பணிமனையில் 2011-லும் ஊட்டி மலை ரயிலுக்குப் புது நீராவி இன்ஜின் கட்டினார்கள். அதனாலோ என்னவோ, மாடல் இன்ஜின் என்றதும் 'லேத் வேணுமே' என்று பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். முதல் இன்ஜினுக்கு லேத் வேண்டாம். எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி.

ஆடும் சிலிண்டர்

என் பதில், ஆடும் சிலிண்டர் இன்ஜின். இதில் தனி வால்வு கிடையாது. சிலிண்டர் நடுவில் ஓர் அச்சாணியில் தொங்கும். கிராங்க் சுற்றும்போது சிலிண்டர் ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் ஆடும். சிலிண்டரின் மேல்பக்கத்தில் ஒரு துளை. பின்னால் நிற்கும் தகட்டில் இரண்டு துளைகள். ஒரு பக்கம் ஆடும்போது காற்று உள்ளே வரும் துளையோடு சேரும். மறுபக்கம் ஆடும்போது வெளியேறும் துளையோடு சேரும். நடுவில் நேராக நிற்கும்போது இரண்டும் மூடியிருக்கும்.

ஓர் அளவு சொல்கிறேன். அச்சாணிக்கும் கிராங்க் மையத்துக்கும் 40 மி.மீ., கிராங்க் ஆரம் 8 மி.மீ., சிலிண்டர் துளை அச்சாணிக்கு மேலே 15 மி.மீ. அப்போது அந்தத் துளை நகரும் தூரம் 15 × 8 ÷ 40, அதாவது பக்கத்துக்கு 3 மி.மீ. துளையின் விட்டம் 3 மி.மீ.க்குக் குறைவாக இருக்கணும். இல்லாவிட்டால் நடுவில் நிற்கும்போது இரண்டு பக்கமும் திறந்துகொள்ளும். 2.5 வைத்தால் போதும்.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி: சிலிண்டர் துளையில் கூரான கம்பித் துண்டைச் செருகி, எல்லாவற்றையும் பூட்டி, கிராங்கை ஒரு சுற்று சுற்றுங்கள். பின்தகட்டில் ஒரு வளைகோடு கீறும். அதன் இரண்டு முனைகள்தான் துளை போடவேண்டிய இடம்.

என்ன வேணும்?

ஹாக்ஸா, அரம், வைஸ், டிரில், சால்டரிங் அயர்ன், எமரி தாள். பித்தளைக் குழாயையும், அதற்குள் ஆடாமல் வழுக்கிப் போகும் கம்பியையும் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஃபிளைவீலுக்குப் பழைய இரும்புக் கடையில் ஒரு கனமான புல்லி. அச்சாணிக்குப் பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்.

நான் தோற்ற இடம்

என் முதல் இன்ஜின் ஓடவே இல்லை. பிஸ்டனை மாற்றினேன், எண்ணெய் விட்டேன், இரண்டு மாசம் போச்சு. கடைசியில் பார்த்தால், அச்சாணித் துளையைக் கையால் போட்டதில் லேசாகச் சாய்ந்திருந்தது. சிலிண்டர் முகம் தகட்டில் முழுசாகப் படியாமல் காற்று கசிந்தது. பக்கத்துப் பட்டறையில் நிற்கும் டிரில்லில் அந்த ஒரு துளையை நேராகப் போட்டு, இரண்டு முகங்களையும் கண்ணாடி மேல் வைத்த எமரி தாளில் தேய்த்தேன். சைக்கிள் பம்ப்பில் ஊதியதும் ஓடியது. இந்த இன்ஜினில் துல்லியம் வேண்டியது அந்த ஒரு முகத்தில்தான்.

பாய்லர் இப்போது வேண்டாம்

தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். தகரப் படகு வெடிக்காததற்குக் காரணம், அதன் குழாய் திறந்தே இருப்பது. மூடி அடைத்த டப்பாவுக்கு அப்படி வழி கிடையாது. தண்ணீர் வற்றினால் ஈயப்பற்று 190 டிகிரிக்குள் இளகிவிடும். பாய்லருக்கென்றே 1923-ல் தனிச் சட்டம் போட்டது சும்மா இல்லை. சைக்கிள் பம்ப் காற்றிலேயே இன்ஜின் ஓடும், நீங்களும் கற்றுக்கொள்வீர்கள். வீட்டுப் பிள்ளைகளோடு செய்வதானால் இதில் சமரசமே வேண்டாம்.