ஒரு கடலும் நான்கு பாடங்களும்

உலகப் பிரச்சினைகளுக்கெனப் பள்ளியில் தனிப்பாடம் வேண்டும் என்பார் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆரல் கடலை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் கடல், உண்மையில் அது உப்பு ஏரி. 1960-இல் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரந்து, உலகின் நான்காவது பெரிய ஏரியாக விளங்கிற்று. அதற்கு நீர் கொணர்ந்த ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைச் சோவியத் அரசு பருத்தி வயல்களுக்குத் திருப்பிற்று. வரவு குறைந்தது, ஆவியாதல் குறையவில்லை. நீர் போயிற்று, உப்புத் தங்கிற்று. உப்பு மிகவே மீன்கள் மடிந்தன. மொய்னாக் துறைமுகத்துப் படகுகள் மணலில் துருவேறி நின்றன. வறண்ட தரையின் உப்புத்தூசி காற்றிலேறி மக்களின் மூச்சிலும் கலந்தது.

ஆறுகளின் போக்கைப் பூகோள ஆசிரியர் சொல்லலாம். உப்புச் செறிவதை இரசாயன ஆசிரியர் விளக்கலாம். பருத்தி ஏன் வேண்டப்பட்டது என்பதற்குச் சரித்திர ஆசிரியரிடம் போகவேண்டும். மூவரும் சேர்ந்து பேசினாலன்றிக் கடல் வற்றிய காரணம் மாணவனுக்கு முழுமையாக விளங்காது என்பது என் எண்ணம். பின்லாந்தில் 2016-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், ஆண்டுக்கு ஒரு முறையேனும் இத்தகைய கூட்டுப்பாடம் நடத்த வேண்டுமென விதித்தது. கால அட்டவணை போடும் தலைமையாசிரியர் பாடு திண்டாட்டந்தான்!

கணக்காசிரியருக்கும் வேலையுண்டு. 2005-இல் கட்டிமுடிந்த கோக்-ஆரல் அணையால் வடபகுதியில் நீர் உயர்ந்தது, மீன்பிடிப்பும் மீண்டது. தென்பகுதியையும் மீட்க எவ்வளவு நீர் வேண்டும்? அதற்காக எத்தனை உழவர் பருத்தியைக் கைவிட நேரும்? மாணவ நண்பர்களே, போட்டுப் பாருங்கள்.