மனத்தை மனமே ஆராய முடியுமா?

1896-இல் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர், ‘நான் யார்?’ என்று உள்ளே விசாரிக்கச் சொன்னார். 1879-இல் லைப்சிக்கில் உளவியல் ஆய்வகம் தொடங்கிய வில்ஹெல்ம் வுண்ட்டும், தன் மனத்தைத் தானே கவனிக்கும் அகநோக்கைக் கையாண்டார். ரமணர் நாடியது விடுதலை. வுண்ட் நாடியது அளவீடு.

ஏன் அகநோக்கு பின்தங்கியது? ஒருவர் உள்ளே கண்டதை இன்னொருவர் சரிபார்க்க முடியாது. எனவே 1913-இல் ஜான் வாட்சன், வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராயலாம் என்றார். 1950-களுக்குப் பின் அறிவாற்றல் உளவியல், நினைவையும் சிந்தனையையும் மறுபடி ஆய்வுக்குள் கொண்டுவந்தது.

இன்று எப்படி? எடுத்துக்காட்டாக, மலையைச் சுற்றும் கிரிவலம் மன அமைதி தருமா என்று அறிய, அங்கே வந்தவர்களிடம் மட்டும் ‘மனம் அமைதியா?’ என்று கேட்டால் போதாது. அமைதியானவர்களே அதிகம் வந்திருக்கலாம். குலுக்கலில் இரு குழுவாகப் பிரித்து, ஒன்றை மட்டும் நடக்கவைத்து ஒப்பிட வேண்டும். ஒப்பீடு இல்லாத முடிவை எளிதில் நம்பாதீர்கள்.