காற்று ஓய்ந்த பின்னர்

ஊவா மலைகளில் வாழும் எமக்குக் காற்றுப் புதியதன்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலே மழையைப் பொழிந்துவிட்டு, முகடு தாண்டி, வறண்ட காற்றாக எமது பக்கம் இறங்குகின்றது. கூரைத் தகரம் பறந்துவிடாதிருக்க அதன்மேல் கற்களை அடுக்கி வைப்பது லயங்களில் பழகிப்போன காட்சி. ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த நறுமணத்தைத் தருவதும் அதே காற்றுத்தான். காற்றை வைதுகொண்டே அதனால் வாழ்பவர்கள் நாம்.

ஆனால், கார்த்திகை மாதத்துக் காற்று வேறு. வங்கக் கடலின் சூறாவளி நீரைச் சுமந்து வருவது. 2025 நவம்பர் 28ஆந் திகதி 'டித்வா' இலங்கையைத் தாக்கியபோது, காற்றைவிட அது கொணர்ந்த மழையே பெருங்கேடு விளைத்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களிலே மலைகள் சரிந்தன. பதுளைக்கு வரும் புகையிரதப் பாதையும் சிதைந்தது.

குளிர்காலப் புயல்களுக்குப் பேர்போன வட ஐரோப்பாவிலும் இதனையொத்த ஒரு பாடம் உண்டு. 2005 சனவரி 8, 9ஆந் திகதிகளில் சுவீடன் நாட்டை 'குட்ருன்' என்னும் புயல் தாக்கியது. ஏறத்தாழ 7.5 கோடி கனமீற்றர் மரம் சாய்ந்தது. பனியில் உறைந்து இறுகியிருக்க வேண்டிய மண், அவ்வாண்டு உறையாமல் ஈரமாயிருந்தது. ஆழ வேரூன்றாத ஊசியிலை மரங்கள் பெயர்ந்து வீழ்ந்தன. காற்று எங்கும் வீசும். மண் பிடி தளர்ந்த இடத்திலேதான் அழிவு பெரிதாகின்றது.

அங்கே வீழ்ந்தவை பெரும்பாலும் மரங்கள். இங்கே சரிவின் கீழே லயங்கள் இருக்கின்றன. கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையை நாம் மறத்தல் இயலுமோ? 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, சூறாவளி எதுவுமின்றி, தொடர்மழையினாலேயே மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 'ஏன் போகவில்லை?' என்று கேட்பது எளிது. 'எங்கே போவது?' என்பதே தோட்டத்து மக்களின் கேள்வி. சொந்தக் காணியில்லாதவனுக்கு எச்சரிக்கை அரைப் பாதுகாப்பே. மற்றப் பாதி, பாதுகாப்பான நிலத்தில் ஒரு வீடு.

அவ்வீடு கிடைக்கும் வரையில் நாம் செய்யக்கூடியவையும் உள. தரையிலோ சுவரிலோ புதிய வெடிப்புத் தோன்றுதல், கதவுகள் திடீரென இறுகுதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், புதிய ஊற்றுப் பிறத்தல், ஊற்றுநீர் கலங்குதல் ஆகியவை மலை தரும் அறிகுறிகள். சரிவுப் பகுதிகளில் ஒரு நாளில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் வெளியேற வேண்டுமென்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை அளவு. செல்லவேண்டிய பாடசாலை எது, கோயில் எது, முதியோரைத் தாங்கிச் செல்பவர் யார் என்பவற்றை மழைக்கு முன்னரே வீட்டார் கூடிப் பேசி வைத்தல் நன்று.

காற்று ஓய்ந்ததென்று உடனே திரும்புதலும் ஆகாது. நனைந்த மலை, மழை விட்ட பின்னரும் சரியும்.

மழை வலுத்த இரவின் மறுநாள், வகுப்பிலே ஓர் இருக்கை வெறிதாயிருப்பின் எமது நெஞ்சு துணுக்குறுகின்றது. அம்மாணவர் தாமதமாகவேனும் நனைந்தபடி வந்து வாசலில் நிற்கும்போது, ஏன் பிந்தினாயென்று நாம் கேட்பதில்லை.