ஊர் போனது, ஆலயம் நின்றது

இங்கிலாந்தின் தென்பகுதியில், சோல்ஸ்பரி சமவெளியின் நடுவே இம்பர் என்றொரு சிறு கிராமம் இருந்தது. பயிர்ச்செய்கையும் செம்மறி வளர்ப்புமே அவ்வூராரின் சீவனோபாயம். ஊருக்கு மேலே, 13ஆம் நூற்றாண்டில் எழுந்த புனித ஜைல்ஸ் ஆலயம். மணிகளை எந்த ஒழுங்கில் அடிப்பது என்று 17ஆம் நூற்றாண்டில் எழுதிய குறிப்பு அதன் சுவரில் இன்றும் உண்டு.

1943 நவம்பர் 1ஆம் திகதி ஊரார் பள்ளிக்கூடத்துக்கு அழைக்கப்பட்டனர். அமெரிக்கப் படையினரின் பயிற்சிக்கு ஊர் தேவை, 47 நாட்களில் வெளியேற வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 150 பேர், யுத்தம் முடிந்ததும் திரும்பலாம் என்று நம்பிப் புறப்பட்டனர். ஊர்க் கொல்லர் தம் பட்டடைமேல் சாய்ந்து அழுதாராம். சில வாரங்களில் இறந்த அவரை இம்பர் மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள்.

1945இல் யுத்தம் முடிந்தது. ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. ஏன்?

யுத்தத்துக்கு முன்னரே, விவசாயம் நலிந்திருந்த காலத்தில், யுத்த அமைச்சு அங்குள்ள காணிகளை வாங்கிவிட்டது. அதன்பின் மக்கள் குத்தகைக்காரராகவே உழுதனர். பரம்பரையாக வாழ்ந்த ஊரென்றாலும், உறுதி அவர்கள் கையில் இல்லை.

ஆலயத்தின் நிலை வேறு. அது விற்கப்படவில்லை, அங்கிலிக்கன் திருச்சபையின் சோல்ஸ்பரி மறைமாவட்டத்துக்கே உரியதாக இருந்தது. 1961 ஜனவரியில் 2,000க்கும் மேற்பட்டோர் இம்பருக்குள் சென்று, ஊரைத் திறந்துவிடும்படி கேட்டனர். அவ்வாண்டில் நடந்த விசாரணையின் முடிவு இராணுவத்துக்கே சாதகமானது. ஆயினும் ஆலயத்தைப் பேணவும் ஆண்டுதோறும் வழிபாடு நடத்தவும் வழி பிறந்தது. செப்டெம்பர் 1 புனித ஜைல்ஸ் திருநாள். அதையொட்டிய சனிக்கிழமையில் பழைய ஊராரும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே கூடி வந்தனர், அவ்வழக்கம் தொடர்கிறது.

அவ்வூரிலிருந்த பப்டிஸ்ட் சிற்றாலயம் இன்று இல்லை. அதன் கல்லறைத் தோட்டம் மட்டுமே எஞ்சியுள்ளது. வீடுகள் பலவும் அழிந்தன. புனித ஜைல்ஸ் ஆலயத்தையோ, பழைய ஆலயங்களைப் பராமரிக்கும் அறக்கட்டளையொன்று 2005இல் பொறுப்பேற்றுத் திருத்தியது.

ஆலயம் அம்மக்களுக்கு ஊரை மீட்டுத் தரவில்லை. ஆனால் சிதறிப்போனவர்கள் ஆண்டில் ஒரு நாளாவது ஒன்றுகூடி, "இது எங்கள் ஊர்" என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஓர் இடத்தைக் காத்துத் தந்தது. அந்த ஓரிடத்தின் உறுதி கைமாறாதிருந்ததே அதற்குக் காரணம்.