வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தால்...



சர்க்கரை, பிரஷர், கர்ப்பப்பைக் கோளாறு பற்றியெல்லாம் இப்போது குழுக் கூட்டத்தில் தாராளமாகப் பேசுகிறோம். மலம் கழிக்கும்போது ரத்தம் வருகிறது என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கூட்டம் முடிந்து நோட்டுகளைக் கட்டி வைத்த பிறகு, தெரு முனை வரைக்கும் கூடவே வந்து மெதுவாகக் கேட்பார்கள். "மேடம், வெளிக்குப் போனா ரத்தமா போகுது. சூடுதானே?" எத்தனை நாளாக என்றால், "ஆறு மாசம் இருக்கும்" என்று பதில் வரும். சிலர் வருஷக் கணக்குச் சொல்வார்கள்.

ஒருவர் சூடு என்பார், இன்னொருவர் மூலம் என்பார். நாமே ஒரு பெயரை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. ரத்தம் வருவது ஓர் அடையாளம். எங்கிருந்து வருகிறது, எதனால் வருகிறது என்று பார்த்த பிறகுதான் நோய் என்னவென்று சொல்ல முடியும்.

பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும், உண்மைதான். ஆசனவாயில் உள்ள ரத்தக் குழாய்கள் வீங்கிப் போவதைத்தான் மூலம் என்கிறோம். முக்கிப் போகும்போது பளிச்சென்ற சிவப்பில் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழும். பல பேருக்கு வலியே இருக்காது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் இது நிறைய வரும். இன்னொன்று ஆசனவாய் வெடிப்பு. இறுகின மலம் அந்த இடத்தைக் கிழித்துவிடும். கத்தியால் அறுத்த மாதிரி வலிக்கும், போய்விட்டு வந்த பிறகும் மணிக்கணக்கில் எரியும். அந்த வலிக்குப் பயந்து அடக்கி வைப்போம். அடக்க அடக்க மலம் இன்னும் இறுகும், புண் மறுபடியும் கிழியும்.

இதற்கு நம் பெண்களின் நிலைமையும் ஒரு காரணம். களை எடுக்கவும் நாற்று நடவும் போகிற இடத்தில் ஒதுங்க மறைவு கிடையாது. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறோம், வந்தாலும் இருட்டும் வரை அடக்குகிறோம். இதைப் பெண்களின் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் எல்லா ரத்தமும் மூலம் இல்லை. ரத்தம் மலத்தோடு கலந்து, சளி மாதிரி சீதத்தோடு, வயிற்றைப் பிடித்து இழுக்கிற வலியோடு போனால் சீதபேதியாகவோ குடல் புண்ணாகவோ இருக்கலாம். மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுவென்று, மோசமான நாற்றத்தோடு போனால் இரைப்பையிலோ சிறுகுடலின் ஆரம்பத்திலோ புண் ஏற்பட்டு ரத்தம் கசியலாம். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தாங்களாகவே மாத்திரை வாங்கித் தினமும் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கணும். வலி மாத்திரைகள் பல இரைப்பையைப் புண்ணாக்கக் கூடியவை. (இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். அது தார் மாதிரி பிசுபிசுக்காது. பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், நர்சிடம் சொல்லிக் கேளுங்கள்.)

பயமுறுத்த எழுதவில்லை, ஆனாலும் சொல்லியாகணும். பெருங்குடலிலும் மலக்குடலிலும் வருகிற புற்றுநோய்க்கும் முதல் அடையாளம் இந்த ரத்தமாக இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் 48 வயது அக்கா ஒருவர் மூலம் என்றே நினைத்து ஒன்றரை வருஷம் ஓட்டினார். குழுவில் உள்கடன் வாங்கி, சுவர் விளம்பரம் பார்த்துப் போய் ஊசி போட்டுக்கொண்டார். ரத்தம் நிற்கவில்லை. நடந்தாலே மூச்சு வாங்கியது. முகாமில் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 6 தான் இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்த்ததில் மலக்குடலில் கட்டி. ஆபரேஷன் ஆகி, இப்போது கூட்டத்துக்கு வருகிறார். ஆனால் அந்த ஊசிக்கு வாங்கின கடனை இன்னமும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே ஒரு தடவை வந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி விடுங்கள். 40 வயதைத் தாண்டியவர்கள், வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தவர்கள் தள்ளிப் போடவே கூடாது. வழக்கத்துக்கு மாறாகப் பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி வருவது, போய்விட்டு வந்தும் முழுசாகப் போகாத மாதிரி இருப்பது, காரணமில்லாமல் இளைப்பது, வயிற்றில் கட்டி தட்டுப்படுவது, இவற்றில் ஏதாவது கூட இருந்தால் வயது எதுவானாலும் உடனே போகணும். இளம் வயதுக்காரர்களுக்கும் இந்த நோய் வருகிறது. ரத்தம் நிற்காமல் கட்டி கட்டியாகப் போனாலோ, கறுப்பு மலத்தோடு தலைசுற்றலும் மயக்கமும் வந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மாதவிலக்கு நின்று போனவர்கள் ரத்தம் முன்பக்கமா பின்பக்கமா என்று துணி வைத்துப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். முன்பக்கம் வந்தால் அதற்கும் பரிசோதனை அவசியம்.

டாக்டர் என்ன செய்வார்? இந்தப் பயம்தான் பாதிப் பேரைத் தடுக்கிறது. எப்போதிலிருந்து, என்ன நிறம், வலி உண்டா என்று கேட்பார். பக்கவாட்டில் படுக்கச் சொல்லி, கையுறை போட்டு விரலால் ஆசனவாய்க்குள் பார்ப்பார். தேவையானால் சின்னக் குழாய் வைத்துப் பார்ப்பார். சில நிமிஷ வேலைதான். ஆண் டாக்டராக இருந்தால் நர்ஸ் கூட இருக்கணும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. சந்தேகம் இருந்தால் கொலனோஸ்கோபி எழுதித் தருவார். கேமரா வைத்த மெல்லிய குழாயால் பெருங்குடலைப் பார்ப்பதுதான் அது. விரல் வைத்துக்கூடப் பார்க்காமல் "மூலம்தான், இந்த மாத்திரையைப் போடு" என்று அனுப்பி, மாத்திரை போட்டும் நிற்காவிட்டால் திரும்பப் போய்க் கேளுங்கள்.

மூலமோ வெடிப்போ என்று தெரிந்துவிட்டால் பாதி வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது. தண்ணீர், கீரை, வாழைத்தண்டு, கொய்யா, கம்பு, கேழ்வரகு. வந்தால் அடக்காதீர்கள், முக்காதீர்கள். அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு 10 நிமிஷம் உட்கார்ந்தால் வலி இறங்கும். துத்திக்கீரை சமைத்துச் சாப்பிடுவதிலும் தப்பில்லை. அதைச் சாப்பிட்டு ஒரு வருஷம் பார்ப்போம் என்பதுதான் தப்பு.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்று ஒட்டியிருப்பதை நம்பிப் போகாதீர்கள். என்ன ஊசி, என்ன மருந்து என்று கேட்டால் பதில் வராது. சித்த வைத்தியம்தான் வேணும் என்றால், அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. பவுத்திரத்துக்குக் காரநூல் கட்டும் சிகிச்சையைப் படித்த சித்த மருத்துவர்களே செய்கிறார்கள்.

போகும்போது நீங்கள் போடுகிற மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக வலி மாத்திரையும் இருதயத்துக்குப் போடுகிற ஆஸ்பிரினும். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். வெளிநோயாளிகளைப் பார்ப்பது பெரும்பாலும் காலை நேரம்தான். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் உங்கள் ஊக்குநரிடம் சொல்லுங்கள், என்ன நோய் என்றுகூடச் சொல்ல வேண்டாம், துணைக்கு வருவார்.