துயிலெழுப்பிய மருந்து

உறக்கம் உயிர்கட்கு இயற்கை அளித்த பெருங்கொடை. ஆயினும், உறக்கமே உயிரைக் கவரும் நோயாக மாறுவதும் உண்டு. சகாராப் பாலைவனத்திற்குத் தெற்கே வாழும் ஆப்பிரிக்க மக்களை நெடுங்காலம் வாட்டிய உறக்கநோயே அது.

டிரிப்பனோசோமா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி இந்நோய்க்குக் காரணமாகும். செட்சி என்னும் ஈ கடிக்கும்பொழுது அது மனிதனது குருதியிற் புகுகின்றது. தொடக்கத்திற் காய்ச்சலும் தலைவலியும் தோன்றும். பின்னர் அது மூளையை அடையும். அந்நிலையில் நோயாளி பகலில் உறங்குவான், இரவில் விழித்திருப்பான், அறிவு தடுமாறுவான், மருத்துவம் செய்யாவிடின் மீளா உறக்கத்தில் ஆழ்வான்.

மூளையை எட்டிய நோய்க்கு 1949 முதல் மெலார்சொப்ரால் என்னும் மருந்து வழங்கப்பட்டது. அஃது ஆர்செனிக் என்னும் நஞ்சினைக் கொண்டது. அதனைப் பெற்றவருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர் அம்மருந்தினாலேயே மாண்டனர்.

இந்நிலையில், புற்றுநோயைத் தடுக்கும் நோக்குடன் எஃப்ளோர்னிதீன் என்னும் பொருளை அறிஞர் ஆக்கினர். உயிரணுக்கள் பெருகத் துணைபுரியும் நொதி ஒன்றனை அது முடக்க வல்லது. புற்றுநோயில் அஃது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஆனால், விரைந்து பெருகும் ஒட்டுண்ணிக்கும் அந்நொதி இன்றியமையாததன்றோ? 1980-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சைரஸ் பாக்கியும் அவர்தம் குழுவினரும் நோயுற்ற எலிகட்கு அதனைக் கொடுத்தனர், எலிகள் பிழைத்தன. மனித உடலில் அந்நொதி விரைவிற் புதிதாக உண்டாகும்; மேற்கு, நடு ஆப்பிரிக்காவிற் பரவும் ஒட்டுண்ணியிலோ அவ்வாறு விரைந்து உண்டாவதில்லை. ஆதலின் ஒட்டுண்ணி ஒடுங்க, மனிதன் பிழைப்பான். உணர்விழந்து கிடந்தோர் எழுந்தமையால், 'உயிர்த்தெழச் செய்யும் மருந்து' என்றே அதனை மக்கள் அழைத்தனர். 1990-இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது.

அந்தோ! வறியோர்க்குரிய அம்மருந்து ஊதியம் தரவில்லை. சில ஆண்டுகளிலேயே அதன் உற்பத்தி நின்றது. 2000-இல் அதே பொருள், பெண்டிர் முகத்தில் வளரும் மயிரைக் குறைக்கும் களிம்பாக ஒப்புதல் பெற்றது. முகப்பொலிவிற்கு வாய்த்த பொருள் உயிர் காப்பதற்கு வாய்க்கவில்லை! மருத்துவத் தொண்டர்கள் இம்முறைகேட்டினை உலகிற்கு எடுத்துரைத்தனர். அதன் பயனாக 2001-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வாயிலாக அம்மருந்து விலையின்றிக் கிடைக்கலாயிற்று.

1998-இல் ஏறத்தாழ 40,000 பேரிடம் கண்டறியப்பட்ட இந்நோய், 2018-இல் ஆயிரவர்க்கும் குறைவாயிற்று. நோயாளரைத் தேடிக் கண்டறிந்ததும், ஈக்களை ஒழித்ததும், நன்மருந்து அளித்ததும் இதற்குக் காரணங்களாம்.

மாணவர்களே! மருந்தைக் கண்டறிவது அறிவின் செயல். அதனை வேண்டுவோர் கையிற் சேர்ப்பது அருளின் செயல். இவ்விரண்டும் கூடியவிடத்தே நோய் அகலும்.